பிளாட் வாங்கப் போறீங்களா? பார்க் எங்கேன்னு கேளுங்க!

'சென்னைக்கு மிக அருகில்' ரீல்ஸ் உங்க போனுக்கும் வந்திருக்குமே? உத்திரமேரூர் பக்கம் மனை பார்க்கப் போறவங்க, அப்படியே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரையும் பார்த்துட்டு வாங்க. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளின் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கு. குடவோலையில் தேர்வான வாரியங்களில் ஏரிக்கு 6 பேர், தோட்டத்துக்கு 12 பேர்!

இன்னைக்கு நிலைமை வேற. 2006-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கைப்படி, மனைப்பிரிவு 50 ஹெக்டேரை, அதாவது சுமார் 123 ஏக்கரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டர். பத்து ஏக்கர் வயலை வெறும் மனைகளாகப் பிரித்து விற்றால், இந்தக் கணக்கிலேயே வராது. பக்கத்து வயலை இன்னொருவர் பிரித்தால், அது தனிக் கணக்கு. ஆனா, மழைத்தண்ணி ஓடுற வாய்க்கால் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

மிஞ்சுவது ஓ.எஸ்.ஆர். எனும் திறந்தவெளி ஒதுக்கீடு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட லே-அவுட்டில், சாலை போக 10% இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரணும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடத்துக்குப் பதில் பணம் கட்டியும் தப்பிக்கலாம்.

அதனால, அட்வான்ஸ் கொடுக்கும் முன் டி.டி.சி.பி. அப்ரூவல் வரைபடத்தை வாங்கிப் பாருங்க. பார்க் எங்கே? தானப் பத்திரம் பதிவாச்சா? ஏரி வாய்க்கால் மேல மனை நம்பர் ஏதும் இருக்கா? கிராம சபையிலும் இதைக் கேட்கலாம்.

ஏரி வாரியம் இப்போ இல்லை. கேட்க வேண்டியது நீங்கதான்!