வாடகை வீட்டுக் குழாயும் தூய நீருக்கான உரிமையும்

தலைநகர் தில்லியில் வாடகைக்கு வீடு பார்க்கும் குடும்பம் காற்றையும் வெளிச்சத்தையும் கவனிப்பதற்கு முன்பே சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கிறது. நீர் கலங்கலாகவோ உவர்ப்பாகவோ இருந்தால் சுத்திகரிப்புக் கருவி வாங்கியாக வேண்டும். ஆனால், சுவரில் துளையிடக் கூடாது, குழாயை மாற்றக் கூடாது, மீறினால் முன்பணத்தில் பிடித்தம் செய்யப்படும் என்று வீட்டு உரிமையாளர் நிபந்தனை விதிக்கிறார். குழந்தைக்குக் குடிக்கத் தரும் நீர்கூட ஒரு தனிமனிதரின் அனுமதிக்குக் காத்திருக்கிறது.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. குழாயின் நுனியில் திருகிப் பொருத்தும் சிறிய டைவர்ட்டர் வால்வு மூலம், சுவரைத் தொடாமலேயே நீரைக் கருவிக்குத் திருப்பலாம். வீட்டைக் காலிசெய்யும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். ஆனால், நுனியில் திருகுபுரி இல்லாத பழைய குழாயில் இதைப் பொருத்த முடியாது. குழாயையே மாற்ற வேண்டும். மாடி அறைகளில் நீரின் அழுத்தம் போதாது. பம்பு வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். ஒவ்வொரு படியிலும் செலவு குடியிருப்பவருடையது, முடிவெடுக்கும் அதிகாரம் உரிமையாளருடையது.

எல்லா நீருக்கும் ஆர்.ஓ. கருவி தேவையுமில்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புகள் கரைந்துள்ள நீருக்கு அது வேண்டியதில்லை என்பதால், அத்தகைய இடங்களில் அதைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. இக்கருவி ஒரு லிட்டர் நீரைத் தருவதற்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகிறது. லாரியின் பின்னால் குடத்துடன் மக்கள் வரிசையில் நிற்கும் நகரத்தில்தான் இந்த விரயம் நடக்கிறது. எனினும், குழாய்நீரின் தரத்தை அரசு வெளிப்படையாக அறிவிக்காத இடத்தில், விளம்பரத்தை நம்புவதைத் தவிர மக்களுக்கு வேறு வழி விடப்படவில்லை.

சட்டமேனும் துணைநிற்கிறதா? 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்க உரிமையாளருக்குத் தடை விதிக்கிறது. ஆனால், மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் இச்சட்டம் பொருந்தாது. இன்றைய தில்லியில் அதற்குள் அடங்கும் வீடுகள் எத்தனை? ஒன்றிய அமைச்சரவை 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், தேவையானபோது குழாய்களை மாற்றுவதை உரிமையாளரின் பொறுப்பாகவும், குழாய் வாஷரை மாற்றுவதைக் குடியிருப்பவரின் பொறுப்பாகவும் பிரிக்கிறது. அக்குழாயில் வரும் நீர் குடிக்கத் தக்கதா என்ற கேள்விக்கு அப்பட்டியலில் இடமில்லை. மேலும், மாநிலங்கள் ஏற்றால்தான் அது சட்டமாகும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாழ்பவர், உரிமையைக் கேட்டால் வீட்டை இழக்க நேரிடும் என்று அஞ்சுகிறார்.

சிக்கலின் வேர் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. 2019இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் குழாய்நீரைச் சோதித்தபோது, மும்பையில் எடுத்த பத்து மாதிரிகளும் தேறின. தில்லியில் எடுத்த பதினொன்றும் தேறவில்லை. தில்லி அரசு இம்முடிவை மறுத்தது. ஆனால், குடிநீருக்கான தரம் வழங்கல் அமைப்புகளைச் சட்டப்படிக் கட்டுப்படுத்தவில்லை என்பதும் அந்த விவாதத்தில் வெளிப்பட்டது. மாசற்ற நீர் அரசமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என உச்சநீதிமன்றம் 1991இலேயே கூறிவிட்டது. எனினும், அந்த உரிமை குழாய்வரை வந்து சேரவில்லை.

முடியாத காரியமா இது? ஒடிசாவின் பூரி நகரில், குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கத்தக்க நீரை இருபத்துநான்கு மணிநேரமும் வழங்கும் திட்டம் 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதைச் செய்தது இடதுசாரி அரசு அல்ல. அரசு முனைந்தால் இயலும் என்பதற்கு அதுவே சான்று.

1872இல் வீட்டுப் பிரச்சினை குறித்து எழுதிய ஏங்கெல்ஸ், தொழிலாளர் குடியிருப்பில் பிறக்கும் கொள்ளைநோய் முதலாளிகளின் வீதிக்கும் பரவியதால்தான் அவர்கள் நகரச் சுகாதாரத்தில் அக்கறை காட்டினர் என்று சுட்டிக்காட்டினார். இன்று சுத்திகரிப்புக் கருவி அந்த நிர்ப்பந்தத்தைத் தளர்த்திவிட்டது. வசதி படைத்தோர் தத்தம் சமையலறைக்குள் தப்பித்துக்கொள்கின்றனர். பொதுக்குழாயின் தரத்துக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வாடிக்கையாளர்களாகிவிடுகின்றனர். நவதாராளமயம் விரும்புவதும் இதைத்தான்.

ஆகவே, கோரிக்கைகள் இரண்டும் இணைந்தே எழ வேண்டும். கட்டடத்துக்குச் சேதமின்றிக் கருவி பொருத்தும் உரிமை வாடகைதாரருக்குச் சட்டப்படி வேண்டும். அதைக் காரணம் காட்டி முன்பணத்தில் கை வைக்கக் கூடாது. அதனுடன், குடிநீர்த் தரத்தைக் கட்டாயமாக்கி, பகுதிவாரியாகச் சோதனை முடிவுகளை வெளியிட வேண்டும். நம் கிளைகள் வாடகைதாரர்களைத் திரட்டும்போது இந்தக் குழாயிலிருந்தே தொடங்கலாம். கருவி இன்றைய தேவை. கருவியே தேவைப்படாத குழாய் நமது இலக்கு.