வளைகாப்புக்குத் தண்டலா?

மனைவிக்கு ஏழு மாதம். 'சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?' என்று பயந்து தண்டல்காரரிடம் ஓடுகிறார் கணவர். பத்தாயிரம் கடன் என்பது பேச்சுக்குத்தான். முன்பிடித்தம் 1,500 போனால் கைக்கு வருவது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் தண்டல்காரர் வாசலில் நிற்பார்!

ஏற்கெனவே வட்டிக்கடன் இருப்பவர், சேர்த்த காசை முதலில் அதற்குத்தான் கட்டணும். மண்டபமும் பிரியாணியும் எதற்கு? கண்ணாடி வளையலும் கலந்த சாதமும் போதாதா?

பிரசவச் செலவுக்குப் பயந்தும் கடன் வாங்க வேண்டாம். எழும்பூர் அரசு தாய்சேய் மருத்துவமனையில் பிரசவம் இலவசம். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைத் தாய்மாருக்கு உதவித்தொகையும் உண்டு. கர்ப்பம் தெரிந்ததுமே பதியணும்.

மீட்டர் வட்டி வாங்கினால் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில். புகார் கொடுக்க ஸ்டேஷன் படி ஏறத்தான் பலருக்குத் தயக்கம்.