இது என்ன சமக்குறி?



இங்கிலாந்து ராஜாக்களோட வம்சாவளிப் படம் பார்த்திருக்கீங்களா? மேலே தாத்தா, கீழே மகன், அதுக்கும் கீழே பேரன் என்று கோடு கோடாக இறங்கும். கணவன் பெயருக்கும் மனைவி பெயருக்கும் நடுவில் கணக்கில் போடுகிற மாதிரி ஒரு சமக்குறி (=) இருக்கும். கல்யாணம் என்று அர்த்தம். எனக்கு அந்தச் சமக்குறி மேலதான் கோபம்.

டியூடர் வம்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்மண்ட் டியூடர் = மார்கரெட் போஃபர்ட். அதிலிருந்து ஒரு கோடு, கீழே ஏழாம் ஹென்றி. படத்தில் அவ்வளவுதான். ஆனால் 1455-இல் கல்யாணம் நடந்தபோது எட்மண்டுக்கு ஏறக்குறைய 25 வயது, மார்கரெட்டுக்கு 12. கணக்கில் ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தானே சமக்குறி போடுவோம்?

அவளுக்கு ஒரு வயது முடிவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அவர் பெரிய பிரபு, சொத்தெல்லாம் இவளுக்குத்தான். அங்கே அப்போது பிரபு இறந்து வாரிசு சின்னப் பிள்ளையாக இருந்தால், அந்தப் பிள்ளையை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்ற உரிமை ராஜா கைக்குப் போய்விடும். அதை அவர் வேண்டியவங்களுக்குக் கொடுப்பார், விற்கவும் செய்வார். அம்மா உயிரோடு இருந்தாலும் அப்படித்தான். இப்படித்தான் அவளுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கல்யாணம் நடந்து, 1453-இல் அது செல்லாது என்று ஆனது. பிறகு ராஜா ஆறாம் ஹென்றி அவளைத் தன் தம்பிகள் பொறுப்பில் விட்டார். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் எட்மண்ட்.

இன்னொரு சட்டமும் இருந்தது. குழந்தை உயிரோடு பிறந்துவிட்டால் போதும், மனைவி இறந்தாலும் அவள் நிலம் கணவனுக்கு ஆயுள் முழுக்க. அவள் வளரட்டும் என்று எட்மண்ட் காத்திருக்காததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். 1456 நவம்பரில் அவர் கொள்ளைநோயில் இறந்துபோனார். 1457 ஜனவரி 28-இல் வேல்ஸ் நாட்டுப் பெம்புரோக் கோட்டையில் ஹென்றி பிறந்தான். அம்மாவுக்கு வயது 13. நம்ம எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க வயசு! அப்புறம் ரெண்டு கல்யாணம் நடந்தும் அவருக்கு வேறு குழந்தையே பிறக்கவில்லை.

அந்த ஹென்றிதான் 1485-இல் பாஸ்வொர்த் போரில் ஜெயித்து ராஜா ஆனான். சிம்மாசன உரிமை எப்படி வந்தது தெரியுமா? அப்பா வழியில் இல்லை, அம்மா வழியில். மார்கரெட்டின் கொள்ளுத்தாத்தா ஜான் ஆஃப் காண்ட், மூன்றாம் எட்வர்டு ராஜாவின் மகன். உரிமை அம்மாவோடது, கிரீடம் மட்டும் மகனுக்கு. அம்மாவை உட்கார வைக்கலாமே என்று யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான்" என்று சிலர் சொல்லுவாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 12 வயதில் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணலாம் என்று திருச்சபைச் சட்டம் விட்டது நிஜம். ஆனால் பெண் வளரும்வரை பொறுத்திருக்கிற வழக்கம் அப்பவும் இருந்தது. மார்கரெட் பாட்டியான பிறகு, அவர் பெயரையே வைத்த பேத்தியை ஸ்காட்லாந்து ராஜா நான்காம் ஜேம்ஸுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. இப்போ அனுப்பக் கூடாது, பிள்ளை உடம்புக்கு ஆகாது என்று பாட்டியும் மருமகள் எலிசபெத்தும் சேர்ந்து தடுத்தார்கள். (மாமியாரும் மருமகளும் ஒரே பேச்சு!) ஆனாலும் 1503-இல் கல்யாணம் நடந்தபோது பேத்திக்கும் 13 தான். நல்லவேளை, முதல் குழந்தை பிறந்தது 17 வயதில்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். சமக்குறிக்குக் கீழே ரெண்டு பேர் வயதையும் எழுதணும். 25, 12. ரெண்டே எண், இடம் ஒன்றும் அடைக்காது. அடுத்த மாத இதழில் டியூடர் வம்சாவளியை வயதோடு நானே வரைந்து ஒட்டுகிறேன். யாராவது பெரிய சார்ட் அட்டை வாங்கிக் கொடுத்தால் பேத்தி, கொள்ளுப்பேத்தி வரைக்கும் வரைவேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி