கூரைக்கு யாருடைய அனுமதி?

போன ஐப்பசியில் அடைமழை பிடித்த மூன்றாவது நாள் இரவு, எங்கள் வீட்டுத் தளத்திலிருந்து முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. அம்மா வழக்கமாகப் படுக்கும் இடம் அது. ஒழுகுகிற மூலைக்குக் குண்டான் வைக்க எழுந்துபோனதால் தப்பித்தார். காலையில் அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிந்தது. விரலால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிற கம்பி.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியில் இருக்கிறது எங்கள் வீடு. 1980களின் கடைசியில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் மாவட்டம். எந்தச் சாலையில் நின்றாலும் சிமெண்ட் லாரி உங்கள் மீது புழுதியை இறைத்துவிட்டுப் போகும். அந்தச் சிமெண்ட்டில் எங்கள் தளத்துக்குக் கிடைத்தது எவ்வளவு என்பது காரை விழுந்த பிறகுதான் தெரிந்தது. சாதாரணச் சூழலில் தளத்துக் கம்பியை 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. எங்கள் வீட்டில் நகக்கண் அளவு. ஈரம் புகுந்து கம்பி துருப்பிடித்தால் அது பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளும். தெருவில் முக்கால்வாசி வீடுகளின் கதை இதுதான்.

இனி பூசி மறைப்பதில்லை, பழைய தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டு, மேலே ஓர் அறையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அதற்கு இரண்டு வேண்டும்: வேலைக்கு ஆள், கட்டுவதற்கு அனுமதி. இரண்டுக்கும் அலைந்ததில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆள். டவுனில் பெயர்பெற்ற ஒரு மேஸ்திரியிடம் போனேன். சதுர அடிக் கணக்கு, சென்ட்ரிங் வாடகை, கம்பி கட்டும் கூலி எல்லாம் மளமளவென்று சொன்னார். வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். "அங்கியா... சாமான் செட்டு வர்றதுக்குப் பாதை பத்தாதே தம்பி" என்றார். அந்தப் பாதையில்தான் நெல் அறுக்கும் மெஷின் போய்வருகிறது. இன்னொருவர் வந்து பார்த்தார், அளந்தார், விலையும் படிந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தளம் போடுற அன்னைக்குச் சாப்பாடெல்லாம் வேணாம் தம்பி. ஆளுக்கு இவ்வளவுன்னு காசா குடுத்துடுங்க."

தளம் போடும் நாளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கலவை மெஷின் ஓட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. இருபது முப்பது பேர் கைமாற்றிக் கைமாற்றிச் சட்டியை மேலே ஏற்றுவார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் கறிச்சோறு போடுவார், மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார். ஏழைபாழை வீட்டில்கூட அன்று சோறு உண்டு. அதை வேண்டாம் என்கிறவர் எதை வேண்டாம் என்கிறார் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் போனதும், "நம்ம பசங்களையே கூப்பிடு" என்றார், அவ்வளவுதான்.

நம்ம பசங்கள் என்றால் சித்தப்பாவின் செட்டு. எட்டுப் பேர் சென்ட்ரிங், ஐந்து பேர் கம்பி, சட்டி தூக்க எங்கள் தெருப் பெண்கள். டவுனில் கடந்த பதினைந்து வருடங்களில் எழும்பிய மாடிவீடுகளில் இவர்கள் கை படாத தளம் குறைவு. அந்த வீடுகளின் கிரகப்பிரவேசத்துக்கு இவர்களுக்கும் பத்திரிகை வரும். போனால் வாசல் பந்தலோடு திரும்புவார்கள். எங்கள் வீட்டு வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் செய்துதர முடியும் என்றார் சித்தப்பா. மற்ற ஆறு நாளும் அவர்கள் தலைக்கு இன்னொருவர் கூரை பொறுப்பு.

இது மேஸ்திரி ஒருவரின் மனக்கோணல் இல்லை. இந்த மண்ணில் வீடு கட்டும் உரிமையே சாதி பார்த்துத்தான் வழங்கப்பட்டது. ஆய்வுக்காகக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டும்போது இது கண்ணில் படாமல் இருக்காது. சோழர் செப்பேடுகளில் பிரமதேயம் கொடுக்கும்போது, அங்கே குடியேறும் பார்ப்பனர்களுக்கான சலுகைகளை வரிசையாக அடுக்குவார்கள். சுட்ட கல்லால் மாடமும் மாளிகையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. தனியாகச் சலுகை என்று எழுதவேண்டியிருந்தது என்றால், மற்றவர்களுக்கு அது இல்லை என்றுதானே பொருள்? கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் பெயரில் ஓர் ஆணை இருக்கிறது. கொங்குநாட்டுக் கம்மாளர்கள் இனி நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது அது. ஊருக்கெல்லாம் வீடும் கோயிலும் கட்டுகிற கம்மாளனுக்குத் தன் வீட்டுச் சுவரைப் பூச அரசாணை தேவைப்பட்டிருக்கிறது. கம்மாளருக்கே இந்த நிலை என்றால், தஞ்சைக் கோயில் கல்வெட்டு ஊர்நத்தத்திலிருந்து பிரித்துப் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்று எழுதிவைத்த இடத்தில் எப்படிப்பட்ட கூரை இருந்திருக்கும்?

பழங்கதை என்று சொல்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு எழுப்பக் கூடாது. 1930இல் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள்; நகை, துணி, குடை என்று நீளும் அந்தத் தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோனது ஒரு குடிசைக்குள். கீற்று வீடு என்பது வெறும் ஏழ்மையின் அடையாளம் இல்லை. கீற்றை எப்போது வேண்டுமானாலும் கொளுத்தலாம். அதில் இருப்பவன் எதிர்த்துப் பேசும்முன் தலைக்கு மேலே ஒருமுறை பார்த்துக்கொள்வான்.

அரசுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதற்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. தீப்பிடிக்காத வீடு. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தபோதும் முதலில் அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கானதாகவே இருந்தது. எங்கள் தாத்தா அந்தத் தலைமுறை. கீற்றிலிருந்து தளத்துக்கு மாறிய அன்று இரவு முழுக்கத் தூங்காமல் தளத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம்.

தளம் வந்ததும் கோபமும் வந்தது. 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய பொருட்களைத் தேடித்தேடி உடைத்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. பெங்களூருவில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் கட்டிய கான்கிரீட் வீடுகள் அவற்றில் நிறைய. தளம் தீப்பிடிக்காது என்பதால் உள்ளே பெட்ரோல் குண்டு வீசினார்கள். காதல் திருமணம்தான் காரணம் என்று இன்றுவரை எழுதுகிறார்கள். பீரோவையும் பைக்கையும் எரித்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் திருமணம் மட்டும்தானா உறுத்தியது?

இப்போது அனுமதிக்கு வருகிறேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய செப்பேட்டையும் இன்றைய கட்டட வரைபட அனுமதியையும் ஒன்றாக்குவது மிகை என்று நண்பர் ஒருவர் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன், இன்றைய விதியில் சாதி இல்லை. 2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையும் வந்துவிட்டது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும் என்றால் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தைக் கட்டி உடனே அனுமதி பெறலாம். அலுவலகத்தில் யாரிடமும் கைகட்டி நிற்கவேண்டாம். நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். வரைபடத்தைப் பதிவேற்றினேன். அடுத்து நில ஆவணம் கேட்டது.

எங்களிடம் இருப்பது தாத்தா பெயரில் கொடுத்த இலவச வீட்டுமனை ஒப்படைப்புப் பட்டா, பழுப்பேறிய ஒரு தாள். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுத்து, மனை பிரித்து, விழா நடத்திக் கொடுத்தது. கொடுத்தவர்கள் அதைக் கிராமக் கணக்கில் ஏற்றவில்லை. இணையத்தில் சர்வே எண்ணைத் தட்டினால் எங்கள் தெரு முழுவதும் இன்னமும் பழைய நில உடைமையாளர் பெயரில் கிடக்கிறது. அவர் இறந்தே வெகுகாலம் ஆகிறது. நாற்பது வருடம் குடியிருந்து, வீட்டு வரி கட்டி, மின்கட்டணம் கட்டி, கணக்குப்படி நாங்கள் இன்றும் ஆண்டை நிலத்தில் குடியிருக்கும் ஆட்கள். ஓர் அலுவலகத்தில், "அவங்க வாரிசுகிட்ட ஒரு தடையில்லாக் கடுதாசி வாங்கிட்டு வாங்களேன்" என்று உதவி செய்கிற குரலிலேயே சொன்னார்கள். என் வீட்டுக்கு மேல் தளம் போட அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்! மாடமாளிகை எடுக்க உத்தரவு கேட்பதற்கும் இதற்கும் என்ன தூரம்?

இந்த ஒரு தாள்தான் எல்லாவற்றையும் முடக்குகிறது. பட்டா பெயர் மாறாததால் வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாததால் பதிவுபெற்ற பொறியாளர் இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அது குடிசையில் இருப்பவர்களுக்கு, அதிலும் மனைக்குப் பட்டா உள்ளவர்களுக்கு. எங்களுடையது கணக்கில் 'கான்கிரீட் வீடு'. 2001க்கு முன் கட்டிய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கவும், முடியாதவற்றை இடித்துக் கட்டவும் அண்மையில் நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். வந்தவரைக்கும் நல்லது. ஆனால் பயனாளியாக இருந்தால் தளம் கிடைக்கும், உரிமையாளராக இருக்க முயன்றால் கிடைக்காது என்பது என்ன ஏற்பாடு? என் சொந்தக் காசில், என் சொந்த மனையில், சட்டப்படி அனுமதி வாங்கிக் கட்டுகிறேன் என்கிறேன். அதற்குத்தான் வழியில்லை.

ஜெயங்கொண்டத்திலிருந்து சிறிது தூரத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அங்கே பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். அருகே மாளிகைமேட்டு அகழாய்வில் அரண்மனைக் கூரையின் ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. பத்திரமாக எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள், வைக்கத்தான் வேண்டும். இராசேந்திரன் வீட்டு ஓடு எந்தக் குழியில் எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது என்று கணக்கு வைக்கத் தெரிந்த அரசுக்கு, தானே கொடுத்த மனையைத் தன் கணக்கிலேயே ஏற்றத் தெரியவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். எங்கள் தெருப் பலகைக்குப் புதுப்பெயர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரோடு சேர்த்து, ஒப்படைப்புப் பட்டா கொடுத்த ஒவ்வொரு மனையையும் அந்தந்தத் துறையே அளந்து, உட்பிரிவு செய்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கணக்கில் ஏற்றித் தரவேண்டும். மனு போடச் சொல்லக் கூடாது. விட்டது அரசு, அரசுதான் சரிசெய்ய வேண்டும். அதுவரைக்கும் ஒப்படைப்புப் பட்டாவையே சுயசான்று முறையில் உரிமை ஆவணமாக ஏற்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படும் என்று தோன்றவில்லை, ஓர் ஆணை போதும்.

இதே நிலையில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு தகவல். உயரத்தைக் கூட்டாமல் ஓடு மாற்றுவது, கூரையைப் புதுப்பிப்பது போன்றவற்றைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அனுமதி தேவைப்படாத வேலைகளில் சேர்த்திருக்கிறது. அது வழிகாட்டிதான், அதனால் உங்கள் ஊராட்சியில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சென்ட்ரிங் அடித்துவிட்டு, பாதியில் யாராவது புகார் கொடுத்து நிறுத்தப்பட்டால் வாடகை ஏறிக்கொண்டே போகும். புகார் கொடுக்க ஊரில் ஆள் இருப்பார்கள்.

நாங்களும் மாடி அறையை ஒத்திவைத்துவிட்டோம். ஜமாபந்தியில் கொடுத்த மனுவுக்கு ரசீது இருக்கிறது. சித்தப்பா செட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து, தளத்துக்கு அடியில் முட்டு கொடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி சேர்த்துக் கட்டிப் பூசிவிட்டுப் போனது. மேலே தார்ப்பாய். தளம் போடவில்லை, ஆனாலும் அம்மா கறி எடுத்துச் சமைத்தார். பதிமூன்று பேரும் முட்டுக் கம்புகளுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.