அவதூறு ஆயுதமாகாது

நாதுராம் கோட்சேயும் நாராயண் ஆப்தேயும் தங்கள் ஏட்டை நடத்திய நகரம் புனே. காந்தி படுகொலை வழக்கில் சிறை சென்று விடுதலையான கோபால் கோட்சே முதலானோருக்கு 1964 நவம்பரில் பாராட்டு விழா நடந்ததும் இதே புனேயில்தான். கொலைத் திட்டம் தனக்கு முன்பே தெரியும் என்று அவ்விழாவில் ஜி.வி. கேட்கர் பேசினார். அதனால் எழுந்த கொந்தளிப்பே கபூர் ஆணையம் அமைவதற்கு வழிவகுத்தது. சாவர்க்கரும் அவரது குழுவினரும் தீட்டிய சதி என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை என்று ஆணையத்தின் அறிக்கை கூறியது.

இத்தனை வலுவான சான்று கையிலிருக்க, சமூக ஊடகங்களில் பகிரப்படுவதோ சாவர்க்கருக்கும் கோட்சேக்கும் பாலுறவு இருந்தது என்ற ஏளனம். 2020 ஜனவரியில் போபாலில் காங்கிரஸ் சேவா தளம் தனது பயிற்சி முகாமில் வழங்கிய சிறுவெளியீடும் இதையே எழுதியது. 1975இல் வெளிவந்த 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' நூலை ஆதாரமாகக் காட்டியது.

மறுமுனையிலும் இதே மனநிலைதான். காந்திக்கும் ஹெர்மன் காலன்பாக்குக்கும் இருந்த நெருக்கத்தைப் பேசிய ஜோசப் லெலிவெல்டின் நூலை, மதிப்புரைகளை மட்டும் நம்பி 2011இல் குஜராத் அரசு தடை செய்தது. தான் அவ்வாறு எழுதவில்லை என்று ஆசிரியர் மறுத்தும் பயனில்லை. ஒரு தரப்பு வசையாக வீசுவதை மறுதரப்பு அவமதிப்பாகக் கருதுகிறது. தன்பாலீர்ப்பு இழிவானது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

இதன் விளைவை ஜெர்மனியின் வரலாறு காட்டுகிறது. 1931இல் நாஜிப் படைத் தலைவன் ஏர்ன்ஸ்ட் ரோமின் தன்பாலீர்ப்பைச் சமூக ஜனநாயக ஏடுகள் அம்பலப்படுத்தின. குர்ட் துகோல்ஸ்கி போன்ற இடதுசாரி எழுத்தாளர்கள் அதைக் கண்டித்தனர். நாஜிகள் அதனால் வீழ்ந்துவிடவில்லை. 1934இல் ரோமைக் கொன்ற ஹிட்லர் அதே 'ஒழுக்கக்கேட்டை'யும் காரணமாகக் காட்டினான். மறு ஆண்டே தன்பாலீர்ப்பாளர்க்கு எதிரான 175ஆம் பிரிவு கடுமையாக்கப்பட்டது. எதிரியின் மீது எறிந்த கல் எளியோரின் தலையில் விழுந்தது.

வரலாற்று மனிதர்களின் பாலியல் அடையாளத்தை ஆராய்வது தவறன்று. கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் காலச்சூழலோடு வைத்துப் படிப்பது, மறைக்கப்பட்ட வாழ்வுகளை மீட்கும் பணியாகும். கேலிப்படம் அப்பணியைச் செய்வதில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பை விடுவித்தது. ஆனால் சட்டம் விட்டுவிட்ட பழியை நமது கைபேசிகள் சுமந்து திரிகின்றன. கிளைக் குழுவில் ஒரு தோழர் சிரிப்புக்காகப் பகிரும் படத்தை, தன் அடையாளத்தை இன்னும் வெளியே சொல்லாத இளம் தோழர் ஒருவரும் பார்க்கக்கூடும். தனக்கு இந்த இயக்கத்தில் இடமுண்டா என்பதை அவர் அதிலிருந்தே அறிந்துகொள்வார்.

சாவர்க்கரை எதிர்க்க அவரது மன்னிப்பு மனுக்களும் இந்துத்துவக் கோட்பாடும் கபூர் ஆணைய அறிக்கையும் போதும். தோழர்கள் பகிர வேண்டியவை அவையே.