சூடா கேட்டால் ஐஸ்!

என் அம்மாவுக்கு உலக நாடுகள் இரண்டே வகை. அம்மன் கோயில் இருக்கிற நாடு, இல்லாத நாடு. வியட்நாம் போகிறேன் என்றதும் முதல் கேள்வியே, "அங்கே கோயில் இருக்கா?"

"கம்யூனிஸ்ட் நாடும்மா."

"இருந்துட்டுப் போகட்டும். அம்மன் என்ன கட்சி பார்த்தா வரப் போறா?"

அம்மாவுக்கு இடது கண்ணில் பார்வை போய் நாலு வருஷம் ஆகிறது. வலது கண்ணுக்கு, நான் திரும்பி வரும் வாரத்துக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடுகிறேன் என்றால் கேட்கவில்லை. "நீ இங்கே உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா எனக்குப் பயம் ஜாஸ்தியாகுது. போயிட்டு வா."

ஆக, போனேன். ஹோ சி மின் நகரம். 1976-ல் பேர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் சைகோன்தான். துணைக்கு என் கல்லூரி நண்பன். ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். சுத்த சைவம். (அந்த ஊர் சமையலில் மீன் சாஸ் என்பது நம் ஊரில் உப்பு மாதிரி. இதை அவனிடம் விமானம் கிளம்பிய பிறகுதான் சொன்னேன்.)

பத்தாயிரம் ரூபாய் பெறுமான டாலரை நீட்டினால் ஏறக்குறைய 30 லட்சம் டோங் தருகிறார்கள். பி.காம். முடித்து இத்தனை வருஷத்தில் நான் லட்சாதிபதியானது அன்றைக்குத்தான். நோட்டுகளில் ஒரே ஒரு சிக்கல். இருபதாயிரம் டோங் நோட்டும் நீலம். ஐந்து லட்சம் டோங் நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் ஒரே மாதிரிதான் பார்க்கிறார். முன்னது சுமார் எழுபது ரூபாய். பின்னது ஆயிரத்து அறுநூறுக்கு மேல்.

முதல் நாள் காலை, பிளாட்பாரத்தில் காபி விற்கும் ஒரு அம்மாளிடம் போய், குழந்தைகள் உட்காரும் சைஸில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். அந்தம்மாள் என்னைப் பார்த்து, "சூடா?" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. தமிழ்!

"ஆமாங்க, நல்ல சூடா!"

வந்தது ஒரு கிளாஸ் நிறைய ஐஸ். அதற்குள் கறுப்பாக டிகாக்ஷன், அடியில் விரலளவு கண்டென்ஸ்டு மில்க். அவர்கள் பாஷையில் 'ஸுவா' என்றால் பால், 'டா' என்றால் ஐஸ். இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொன்னால் நமக்கு 'சூடா'. காபி என்னவோ பிரமாதம். உலகத்தில் பிரேஸிலுக்கு அடுத்து அதிகமாகக் காபி விளைவது இங்கேதான். கிளாஸ் மேலேயே சின்ன ஃபில்டரை வைத்து, சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நான் இரண்டு குடித்தேன்.

நீல நோட்டுகளை வைத்துவிட்டுக் கிளம்பினோம். அடுத்து ரோட்டைக் கடக்க வேண்டும். சைகோனில் ரோடு என்பது ரோடு இல்லை, மோட்டார் பைக்குகளால் ஆன ஆறு. சிக்னல் இல்லாத இடத்தில் யாரும் உங்களுக்காக நிற்பதாக இல்லை. கால் மணி நேரம் நின்றோம். பின்னாலிருந்து காபிக்கார அம்மாள் கத்தினார்.

"மாப்ளே, இன்னும் காசு கேக்குது. திரும்பிப் பார்க்காதே, நட!" என்றான் நண்பன்.

பயத்தில் பைக்குகளுக்கு நடுவே இறங்கிவிட்டோம். பாதி ரோட்டில் கால் உறைந்துவிட்டது. அந்தம்மாளோ, வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி நிதானமாக நடந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். கையில் ஒரு நீல நோட்டு. என் பர்ஸிலிருந்து இன்னொரு நீல நோட்டை எடுக்கச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சைபர்களை விரலால் எண்ணிக் காட்டினார். நடு ரோட்டில்! இரண்டு பக்கமும் பைக்குகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஒருத்தர்கூட ஹாரன் அடித்துத் திட்டவில்லை. ஐந்து லட்சத்தை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு, எங்கள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் விட்டார். நிற்காமல், ஓடாமல், பின்வாங்காமல் ஒரே சீராக நடக்க வேண்டுமாம். மீதியைப் பைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நண்பன் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து, போர் மிச்சங்களின் மியூசியம். முற்றத்தில் டாங்கிகள், மாடியில் போட்டோக்கள். இரண்டு தரப்பிலும் போரைப் படமெடுக்கப் போய் அங்கேயே செத்துப்போனவர்கள் எடுத்தவை ஒரு பகுதி. ரசாயன விஷத்தால் ஊனமாகப் பிறந்த குழந்தைகள் இன்னொரு பகுதி. அங்கே நான் ஜோக் அடிக்கவில்லை. இங்கேயும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு 'சாய்' என்று சொல்லுங்கள் என்றார் ஓட்டல் ரிஸப்ஷனில். "நான் டீ குடிக்கிறதில்லை" என்றான் நண்பன். 'சாய்' என்றால் சைவமாம். அமாவாசை, பௌர்ணமியில் மட்டும் சைவம் சாப்பிடும் பௌத்தர்கள் நிறையப் பேர் இருப்பதால் கடைகளும் உண்டு. அவன் அங்கே காளானும் டோஃபுவுமாக வெளுத்துக் கட்டினான். நான் தெருமுனையில் 'கா ரி' சாப்பிட்டேன். நம் கறியேதான். தேங்காய்ப்பாலில் கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தொட்டுக்கொள்ள பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நீள ரொட்டி.

சாயங்காலம் பென் தான் மார்க்கெட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், எதிரே கோபுரம். மாரியம்மன்! பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் கட்டிய கோயில். வட்டித் தொழில் பண்ணிய நகரத்தார் இங்கே முருகனுக்கும் கோயில் வைத்திருக்கிறார்கள். 1975-க்குப் பிறகு தமிழர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். அம்மன் போகவில்லை. கை நிறைய ஊதுபத்தியோடு வரிசையாக வியட்நாம்காரர்கள். அவர்களுக்கு இவள் 'இந்திய அம்மா'.

சன்னிதிக்குப் பின்னால் ஒரு கல் சுவர். ஆபீஸ் யூனிஃபார்மில் ஒரு பெண் அதில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, நெற்றியை வைத்து, ஏதோ ரொம்ப நேரம் முணுமுணுத்தாள். அவள் நகர்ந்ததும் நானும் நெற்றியை வைத்தேன். சில்லென்று இருந்தது. நண்பன் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தலைமைத் தபாலாபீஸ். 1891-ல் முடித்த பிரெஞ்சுக் கட்டடம், இன்றைக்கும் ஸ்டாம்ப் விற்கிறார்கள். ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, பெரிய பெரிய எழுத்தில் எழுதிப் போட்டேன். ராத்திரி அம்மாவுக்கு போன்.

"கோயில் இருக்கும்மா. மாரியம்மன்."

"நான்தான் சொன்னேனே. என்ன வேண்டிக்கிட்டே?"

"லெட்டர்ல எழுதியிருக்கேன். வந்ததும் அக்காவைப் படிக்கச் சொல்லு."

"அவ எதுக்கு? வாங்கி அப்படியே தலகாணிக்கு அடியில வெக்கிறேன். கட்டுப் பிரிச்சதும் நானே படிச்சுக்கறேன்."