கலைத்த கைகளைத் திரும்பச் சேர்க்க எத்தனை வருஷம்?

கிழட்டு எருது சாய்வதற்கு முன்பே கன்றை ஏரில் பூட்டிப் பழக்க வேண்டும். இது நம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்கள் விஷயத்தில் டில்லி சர்க்காருக்குத் தெரியவில்லை.

1981-ல் மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. கம்பெனியோடு நான்கு கப்பல்களுக்கு ஒப்பந்தமாயிற்று. இரண்டு அங்கே, இரண்டு மும்பை மஜகான் தளத்தில். நம் தொழிலாளிகள் ஜெர்மனிக்குப் போய்ப் பழகி வந்தார்கள். சாதாரண வேலையல்ல. ஆழத்தில் நாலாபுறமும் தண்ணீர் நெருக்கும். பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ளே இருப்பவன் மீளமாட்டான். அவர்கள் கட்டிய 'ஷல்கி' 1992-லும் 'ஷங்குல்' 1994-லும் கடற்படையில் சேர்ந்தன.

இதற்கிடையில் 1987-ல் கமிஷன் புகார் வெடித்தது. மேற்கொண்டு இரண்டு கப்பல் கட்டும் யோசனை கைவிடப்பட்டது. புகாரை விசாரிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? வேலையை ஏன் நிறுத்த வேண்டும்? கமிஷன் யாருக்கோ, தண்டனை வெல்டருக்கு! கற்ற கைகள் கலைந்தன.

1999-ல் 30 வருஷத்தில் 24 கப்பல் என்று திட்டம் போட்டார்கள். ஆறு ஸ்கார்பீன் கப்பல்களுக்கு ஒப்பந்தம் 2005-ல்தான். முதல் கப்பல் 2012-ல் வரவேண்டியது. வந்ததோ 2017 டிசம்பரில்.

அதுவரை பாரத்தைச் சுமந்தது யார்? பழைய கப்பல்களும் அவற்றின் மாலுமிகளும். 2013 ஆகஸ்டில் 'சிந்துரக்ஷக்' வெடித்து 18 பேர் மாண்டார்கள். வயதால் வந்த விபத்து என்று நாம் சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்ப மாற்றுக் கப்பல் தயாராக இல்லை என்கிறோம். 2014 பிப்ரவரி 26 அன்று, 1988-ல் சேர்ந்த 'சிந்துரத்னா'வில் புகை மூண்டு இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். தளபதி ஜோஷி அன்றே ராஜினாமா செய்தார். பாதுகாப்பு மந்திரி நாற்காலியிலேயே இருந்தார். பழைய பிரேமுக்கு ஒட்டுப் போட்டு ஓட்டச் சொல்லும் மானேஜரை அறிந்த மில் தொழிலாளிக்கு இது புதிதல்ல.

பாடம் கற்றார்களா? கடைசி ஸ்கார்பீனான 'வாக்‌ஷீர்' 2022 ஏப்ரலில் நீரில் இறங்கியது. அடுத்த ஆறு கப்பல்களுக்கு 2021 ஜூலையிலேயே டெண்டர் கேட்டிருந்தார்கள். 2025 ஜனவரியில் 'வாக்‌ஷீர்' கடற்படையில் சேர்ந்த நாளிலும் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. மறுபடியும் அதே இடைவெளி!

ஒரு கப்பலின் கூடு தளத்தை விட்டு இறங்குமுன் அடுத்ததற்குத் தகடு வெட்டும் தேதி குறித்தாக வேண்டும். பழைய கப்பல் ஒவ்வொன்றும் எந்த வருஷம் ஓய்வு பெறும், அதன் இடத்துக்கு எது வரும், மஜகான் வெல்டர்களுக்கு இடையில் என்ன வேலை என்பதைச் சர்க்கார் பார்லிமெண்டில் வைக்கட்டும் என்று கோருகிறோம்.